கார் மூக்கை அடைத்தால் மைலேஜ் கூடுமா?

மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உங்கள் காரின் முன்னால் ஒருமுறை குத்துக்காலிட்டு உட்காருங்கள். பளபளக்கும் அந்தப் பெரிய கிரில்லின் சட்டங்களுக்கு நடுவே வெளிச்சத்தை அடியுங்கள். பின்னால் ரேடியேட்டர் தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைய கார்கள் பலவற்றில் அங்கே கறுப்பு பிளாஸ்டிக்தான் இருக்கும். பார்த்தால் ஓட்டை, தொட்டால் சுவர். காற்று நிஜமாக உள்ளே போகிற வழி பம்பருக்குக் கீழே, நம்பர் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் அகலமான வாய்தான். கிரில்லை அடைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று கேள்விப்பட்டு அட்டை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பாதி வேலையைத் தயாரித்தவர்களே முடித்து அனுப்பியிருப்பார்கள்.

எதிர்வீட்டுத் தம்பி ஒருவர் போன வருடம் மே மாதம் மிச்சப் பாதியைத் தானே முடித்தார். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்மேல் சுற்றுவார்களே, ரப்பர் மாதிரி கறுப்பு ஃபோம், அதை வாங்கி நீளவாக்கில் கீறி, கீழ் கிரில்லின் ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையே செருகிவிட்டார். பார்க்க அழகாகவே இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் டொயோட்டா பிரியஸ் வைத்திருக்கும் மைலேஜ் பைத்தியங்கள் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இது. அவர்களும் குழாய் ஃபோமைத்தான் பயன்படுத்துகிறார்கள். தம்பி குடும்பத்தோடு மதுரைக்குக் கிளம்பினார். என்ன ஆனது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில், இந்த யோசனை முட்டாள்தனமானது இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஓடும் கார் தனக்கு முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. காற்று பானெட் மேலேறி, பக்கங்களில் வழுக்கிப் போய்விட்டால் நஷ்டம் குறைவு. கிரில் வழியாக உள்ளே போகும் காற்றின் கதை வேறு. முதலில் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்குள் நுழைய வேண்டும். அடுத்து ரேடியேட்டர். அதைத் தாண்டினால் ஃபேன், பிறகு எஞ்சின், குழாய்கள், பேட்டரி என்று ஒரு சந்துபொந்து. எல்லாவற்றிலும் முட்டி மோதிக் கடைசியில் காரின் அடிவயிறு வழியாகத் தட்டுத்தடுமாறி வெளியே வரும்போது அதன் வேகம் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். காற்று இழந்த அந்த வேகத்துக்கு விலை கொடுப்பது உங்கள் எஞ்சின். சாதாரணக் கார்களில் மொத்தக் காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இப்படி எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றால் வருகிறது.

சரி, அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள ஒரு சின்ன ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். அதன் காற்றுத்தடைக் கெழு, அதாவது காரின் வடிவம் காற்றில் எவ்வளவு மாட்டிக்கொள்கிறது என்பதைச் சொல்லும் எண், 0.33. முன்பக்கப் பரப்பு 2.1 சதுர மீட்டர். நம்மூர்ச் சூட்டில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இந்தக் காரைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 307 நியூட்டன். புரியும்படி சொன்னால் 31 கிலோ எடை. யாரோ எதிரே நின்று ஒரு அரிசி மூட்டையின் கனத்தோடு உங்கள் பம்பரில் சாய்ந்துகொண்டே வருகிற மாதிரி. டயர் உருள்வதற்கான தடை தனியாக ஒரு 12, 13 கிலோ. இரண்டும் சேர்ந்து 430 நியூட்டன். சமவெளியில் சீராக ஓடும்போது சக்கரம் ஜெயிக்க வேண்டியது இதைத்தான்.

வேகம் குறையக் குறைய டயர் தடை ஏறக்குறைய அப்படியே நிற்கும், காற்றுத்தடை மட்டும் வேகத்தின் வர்க்கத்தில் சரியும். 80-ல் 20 கிலோ. 50-ல் 8 கிலோ. ஊருக்குள் 30-ல் போகும்போது 3 கிலோகூட இல்லை. அங்கே பெட்ரோல் குடிப்பது சிக்னலில் நிற்பதும், பிரேக் அடித்து மறுபடி வேகமெடுப்பதும், ஏசியும்தான். அதனால் அண்ணா சாலையில் மட்டும் ஓடும் காருக்குக் கிரில்லை அடைப்பது, வெயிலில் நிற்பவர் மழைக்கோட்டு போட்டுக்கொள்வது மாதிரி. பயனில்லை, வேர்க்கும்.

நெடுஞ்சாலைக்கு வருவோம். குளிர்விக்கும் காற்றால் வரும் தடை 7 சதவீதம் என்று வைத்தால் 21 நியூட்டன். அதை முழுக்க மிச்சம் பிடிக்க முடியாது. முழுக்க அடைத்தால் கார் ஓடாது. ஓரளவு அடைத்து மொத்தத் தடையில் 3 சதவீதம் குறைத்தோம் என்றால் கிடைப்பது 9 நியூட்டன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடையைவிடக் கொஞ்சம் கம்மி. அரிசி மூட்டையிலிருந்து ஒரு படி அரிசியைக்கூட எடுக்கவில்லை, கொஞ்சம் சிந்தியிருக்கிறோம்.

430-ல் 9 என்பது 2 சதவீதம். எஞ்சினின் உள் உராய்வு இதில் குறையாது என்பதால் பெட்ரோலில் தெரிவது அதற்கும் கொஞ்சம் கீழேதான். இருந்தாலும் தாராளமாக 2 என்றே வைப்போம். சென்னையிலிருந்து திருநெல்வேலி 620 கிலோமீட்டர். லிட்டருக்கு 18.5 கொடுக்கும் கார் 33 லிட்டர் குடிக்கும். அதில் 2 சதவீதம் முக்கால் லிட்டர்கூட இல்லை. வழி முழுக்க 100-லேயே போனால், போகிற வழியில் இரண்டு காபிக்கான காசு.

இந்த இரண்டு காபியை யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது என்பது இன்னொரு வேடிக்கை. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பித்தான் நாம் மைலேஜ் பார்க்கிறோம். பங்கில் குழாய் தானாக நிற்கிற இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். 33 லிட்டர் நிரப்புகிற இடத்தில் அரை லிட்டர் வித்தியாசம் வந்தாலே ஒன்றரை சதவீதம் போச்சு. எதிர்க்காற்று, டிரைவரின் அன்றைய மனநிலை, டயர் காற்று என்று எதுவும் இதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டும். கிரில்லை அடைத்ததும் 10 சதவீதம் கூடிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஃபோமைச் செருகிய கையோடு ஆக்சிலரேட்டரையும் பூ மாதிரி மிதித்திருப்பார்கள். மைலேஜைக் கணக்கு வைக்க ஆரம்பித்த எவருக்கும் மைலேஜ் கூடும்.

இந்த 9 சொச்சம் நியூட்டனை 100 கிலோமீட்டர் வேகத்தில் திறனாக மாற்றினால் 255 வாட். இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. காற்று குறைந்ததும் ரேடியேட்டர் சூடேறினால் கார் என்ன செய்யும்? ஃபேனைப் போடும். சின்னக் காரின் ஃபேன் 12 ஆம்பியர் இழுத்தாலே 160 வாட்டுக்கு மேல். அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தயாரிக்கிறபோது அதில் ஏறத்தாழ 40 சதவீதம் வீணாகிறது. ஆக, எஞ்சின் பெல்ட்டிலிருந்து போவது 270 வாட். பம்பரில் 255-ஐ மிச்சம் பிடித்து, ஃபேனுக்கு 270-ஐக் கொடுக்கிறோம். சும்மா ஓடுகிற காற்று இலவசமாகச் செய்த வேலையை ஒரு மோட்டாரை வைத்துச் செய்ய வைத்தாயிற்று. ஃபேன் ஓடாமல் இருக்கும்வரைதான் இந்த வித்தைக்கு லாபம்.

அப்படியானால் ஃபேன் எப்போது ஓடும் என்பது கேள்வி. அதற்கு எஞ்சின் சூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீர் 80 சொச்சம் டிகிரியை எட்டும்வரை, அதற்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும், தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாது. திறந்த பிறகும் தேவையான அளவுக்கு மட்டும் விடும். ஃபேன் பெரும்பாலும் 95-ஐ ஒட்டித்தான் கிளம்பும். ரேடியேட்டரிலிருந்து வெப்பம் வெளியேறும் அளவு, தண்ணீரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. கனடாவில் குளிர்கால நாளொன்றில் வெளியே 0 டிகிரி என்றால் இடைவெளி 95. வேலூரில் மே மாதம் 40 டிகிரி என்றால் 55. அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் வேலை செய்யும் திறன் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடுகிறது. குளிர் நாட்டுக்காரர்களிடம் ரேடியேட்டர் மிச்சம் இருக்கிறது, அதனால் அடைக்கிறார்கள். அவர்களுக்குக் குளிரில் எஞ்சின் சூடேறவே நேரமாகும் என்பதால் அடைப்பதில் இரட்டை லாபம் வேறு. நமக்கு அந்தப் பிரச்சினை மார்கழி விடியலில்கூட இல்லை.

ரேடியேட்டரையாவது விடுங்கள். அதற்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் நிலைமை இன்னும் மோசம். ஏசி வாயு அங்கே 55, 60 டிகிரியில்தான் திரவமாகிறது. வெளியே 40 என்றால் இடைவெளி வெறும் 15 இலிருந்து 20. தார்ச்சாலைக்கு ஒரு முழம் மேலே, முன்னால் நிற்கும் லாரியின் அனலையும் சேர்த்தால் அதுவும் இல்லை. அந்தச் சின்ன இடைவெளியில் வேலை நடக்க வேண்டுமென்றால் காற்று தாராளமாக வந்தாக வேண்டும். வராவிட்டால் கம்பிரசர் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். கம்பிரசர் சாப்பிடுவது வாட் கணக்கில் இல்லை, கிலோவாட் கணக்கில். அதில் கொஞ்சம் கூடினாலே நம் 255 இருந்த இடம் தெரியாது.

தம்பிக்கு நடந்தது இதுதான். விழுப்புரம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு ஒரு டோல்கேட்டில் விடுமுறைக் கூட்டம், வரிசை நகரவில்லை. ஓடுகிற காற்றும் நின்றுபோய், ஃபேனுக்கும் ஃபோம் வழிமறித்ததில், ஐந்தே நிமிடத்தில் பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல்: “ஏன்டா, ஏசியில காத்து அனலா வருது?” ஃபேன் அலறியது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் இல்லாத கார் அது. நீலம், சிவப்பு என்று இரண்டு விளக்கு மட்டும். சிவப்பு எரிந்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். நல்லவேளை எரியவில்லை. முள் இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. பல கார்களில் 75-லிருந்து 105 வரை அந்த முள் நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் பயப்படக் கூடாதாம். நிஜ டிகிரி தெரிய வேண்டுமென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் காரைச் சோதிக்கப் பயன்படுத்தும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் ரீடரைச் செருகி மொபைலில் பார்க்க வேண்டும்.

தம்பி டோல் வரிசையிலேயே இறங்கி, பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிக்க, ஒவ்வொரு ஃபோமாகப் பிடுங்கினார். அவரால் திருப்பி ஹார்ன் அடிக்க முடிந்ததா என்று கேட்டேன். காரணம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹார்ன் இருப்பது கிரில்லுக்குப் பின்னால். மூக்கை அடைத்தால் தொண்டையும் கட்டும். நம் ரோட்டில் எஞ்சின் இல்லாத காரைக்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம், ஹார்ன் இல்லாத காரை முடியாது.

டீசல் கார், டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டர்போ அழுத்தித் தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பல மாடல்களில் அந்தக் கீழ் வாய்க்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. அதை அடைத்தால் மைலேஜே இறங்கலாம்.

கார்க் கம்பெனிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அடைப்பு வேண்டும், ஆனால் வேண்டாதபோது திறக்கவும் வேண்டும். பழைய யோசனைதான். 1920, 30-களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் ஜன்னல் மாதிரி செங்குத்துப் பலகைகள் இருந்தன. சோவியத் நாட்டின் வோல்கா காரில் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ரேடியேட்டர் திரையை மூடித் திறக்கலாம். வட அமெரிக்க லாரிகளின் மூக்கில் குளிர்காலத்தில் பட்டன் வைத்த ரெக்சின் உறை மாட்டுவார்கள். அதிலும் நடுவில் ஒரு திறப்பு விட்டே ஆக வேண்டும். ஓரமாகத் திறப்பு விட்டால் ஃபேன் இறக்கை ஒரு பக்கம் காற்றையும் மறுபக்கம் வெறுமையையும் மாறி மாறி வெட்டி, நாளடைவில் விரிசல் விடும். அதெல்லாம் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது. எரிபொருளுக்காகச் செய்தது பின்னால் வந்தது.

2011-ல் வந்த செவ்ரோலே குரூஸ் ஈகோ நல்ல உதாரணம். கீழ் கிரில்லுக்குப் பின்னால் மோட்டார் வைத்த ஷட்டர். வேகமாகப் போகும்போது, எஞ்சினுக்குக் காற்று தேவைப்படாவிட்டால் மூடிக்கொள்ளும். மலை ஏறினால், சூடு கூடினால் திறந்துகொள்ளும். அந்தக் காரின் காற்றுத்தடைக் கெழு 0.298. அமெரிக்க அரசின் சோதனையில் அதன் மேனுவல் மாடல் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 42 மைல், அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் கொடுத்தது. ஆனால் அந்தப் பெருமை ஷட்டருக்கு மட்டும் போகாது. எடையைக் குறைத்தார்கள், உருள் தடை குறைந்த டயர் போட்டார்கள், அடிவயிற்றைப் பலகை வைத்து மூடினார்கள், கியர் விகிதத்தை மாற்றினார்கள். ஷட்டர் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

அந்த ஒரு ஆளின் கூலி எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2017 முதல் 2025 வரையிலான மாடல்களுக்கு வகுத்த விதிகளில், இப்படித் தானாக மூடித் திறந்து காற்றுத்தடையை 3 சதவீதம் குறைக்கும் கருவிக்கு, காருக்கு மைலுக்கு 0.6 கிராம் கார்பன் டை ஆக்சைடு சலுகை கொடுத்தது. மைலுக்கு 250, 300 கிராம் புகை விடும் கார்களில் 0.6 கிராம். நகரம், நெடுஞ்சாலை எல்லாம் கலந்து பார்த்தால் அவ்வளவுதான் தேறும் என்று அரசாங்கமே மதிப்பிட்டிருக்கிறது. லட்சக்கணக்கில் கார் விற்கிற கம்பெனிக்கு அதுவும் பெரிய விஷயம். ஒரே ஒரு கார் வைத்திருக்கும் நமக்கு?

இந்தியாவில் பெட்ரோல் கார்களில் இந்த ஷட்டர் அதிகம் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் நம் மைலேஜ் சோதனையே என்று நினைக்கிறேன். பல வருடங்களாக நம் கார்களின் மைலேஜ் எண்ணைத் தந்த சோதனை ஓட்டத்தில் அதிகபட்ச வேகம் 90. அதுவும் கொஞ்ச நேரம்தான். காற்றோடு மல்லுக்கட்டாத பரீட்சைக்குக் காற்றுக்காக யார் செலவு செய்வார்கள்? மின்சாரக் கார் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் விற்பனையே. கிரெட்டா எலெக்ட்ரிக்கில் ஹூண்டாய் தானாகத் திறந்து மூடும் காற்று மடல்களை வைத்திருக்கிறது. மின் மோட்டார் வீணாக்கும் வெப்பம் குறைவு என்பதால் மூடியே வைத்திருக்கவும் வசதி.

முகத்தில் ஓட்டை வேண்டாம் என்பதும் புதிதல்ல. 1955-ல் வந்த சித்ரோயன் டிஎஸ் காருக்குக் கிரில்லே கிடையாது. பம்பருக்கு அடியிலிருந்து காற்றை இழுத்தது. 1986 மாடல் ஃபோர்டு டாரஸ் அமெரிக்கர்களுக்கு மொட்டை முகத்தைப் பழக்கியது. பிறகு என்ன நடந்ததோ, மனிதர்களுக்கு மறுபடி வாய் பெரிதாக இருக்கிற கார்தான் கம்பீரம் என்று தோன்றிவிட்டது. அதனால்தான் இன்று ஓட்டை மாதிரி தெரிகிற சுவர்களைத் தயாரிக்கிறார்கள்.

இதில் இன்னொரு சுவையான விஷயம் விமானக்காரர்களிடம் இருக்கிறது. 1930-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் மெரிடித் என்ற பொறியாளர், ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்றை ஒழுங்காகக் குழாய் கட்டி விட்டால், சூடேறி விரியும் அந்தக் காற்று பின்னால் பீறிட்டு, காற்றுத்தடையால் போனதில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும் என்று காட்டினார். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானத்தின் அடிவயிற்றில் தொங்கும் அந்தக் குழாய் அப்படிப்பட்டதுதான். கார் வேகத்துக்கு அந்த வரம் கிடைக்காது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது: உள்ளே வந்த காற்றை அதன் இஷ்டத்துக்கு அலைய விடாதே.

நம் கார்களில் அது அலைகிறது. பம்பர் வாய்க்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பக்கவாட்டிலும் மேலேயும் சந்துகள் இருக்கும். உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே அந்தச் சந்து வழியாக எஞ்சின் அறைக்குள் ஓடிவிடும். அது எதையும் குளிர்விக்கவில்லை, ஆனால் தடையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. கம்பெனி அங்கே வைத்த ரப்பர் பட்டையோ பிளாஸ்டிக் தடுப்போ பழைய கார்களில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பம்பர் ஒருமுறை கழன்று மாட்டப்பட்டிருந்தால் நிச்சயம் போயிருக்கும். அந்தச் சந்துகளை அடைத்தால் ஏசிக்குக் காற்று கூடும், வீண் காற்று குறையும். வாயை மூடுவதைவிடத் தொண்டையைச் சரி செய்வது மேல்.

அப்புறம் அடிக்கவர். எஞ்சினுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு வருமே, அது. காரின் அடியில் காற்று வழுக்கிப் போகவும், ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று ஒழுங்காக வெளியேறவும் உதவுவது அதுதான். ஆயில் மாற்றும்போது அதைக் கழற்றுவார்கள். இரண்டு கிளிப் உடையும். அடுத்த சர்வீஸில் இன்னும் இரண்டு. ஒரு நாள் வேகத்தடையில் உரசிக் கிழியும். “அது சும்மா சார், கழட்டிப் போட்றலாம்” என்பார் மெக்கானிக். நாமும் தலையாட்டுவோம். பிறகு வீட்டுக்கு வந்து மைலேஜ் போதவில்லை என்று கிரில்லுக்கு ஃபோம் தேடுவோம்.

9 நியூட்டனுக்கு இவ்வளவு பாடுபடுகிறவர்களுக்கு இன்னொரு எண். அதே காரில் 100-க்குப் பதிலாக 90-ல் போனால் குறைவது 58 நியூட்டன். கிரில் கொடுப்பதைப் போல ஆறு மடங்கு. திருநெல்வேலி போய்ச் சேர நாற்பது நிமிடம் கூடும். அந்த நாற்பது நிமிடத்தைக் கொடுக்க மனம் வராமல்தான் மனிதன் ஃபோம் கடைக்குப் போகிறான் என்பதும் எனக்குத் தெரியும்.

தம்பி இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஃபோமை என்ன பண்றது அண்ணே?” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பரைத் தளர்த்திப் பார்த்தோம். ரேடியேட்டரின் இடது பக்கம் என் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. வலது பக்கம் அதில் பாதி. ஃபேனிலும் சூடான குழாயிலும் படாதபடி அதே ஃபோமை வெட்டி அங்கே செருகினோம். அடிக்கவரைக் கேபிள் டை போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். உதிரிபாகக் கடையில் கிளிப் வாங்கி மாட்டினோம். மைலேஜ் கூடியதா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மே மாதம் மதுரை போகும்போது அம்மா செங்கல்பட்டிலேயே போர்வை கேட்டாராம்.